நாலரை மணிக் குளியலை நிறுத்துங்கள்: முதியோர் இல்ல நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் நீங்கள் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் படித்தேன். இல்லத்தில் தங்கியிருக்கும் எல்லோரும் தினமும் காலை 4.30 மணியிலிருந்து 6 மணிக்குள் சோப்புப் போட்டு, தலையிலிருந்து கால்வரை குளித்து முடித்தாக வேண்டும், குளித்தவர்களுக்கு மட்டுமே கூடத்தில் இடம், விதிவிலக்கு கிடையாது. கீழே தடித்த எழுத்தில் ‘கூழானாலும் குளித்துக் குடி’ என்று பழமொழி வேறு.

இதைத் திரும்பப் பெறச் சொல்லி, என் அம்மாவைப் போல இங்கே தங்கியிருப்பவர்களின் குடும்பத்தார் நாங்கள் சிலர் கடிதம் கொடுத்தோம். மேலாளரையும் நேரில் பார்த்தோம். “எல்லாம் அவங்க சுத்தத்துக்குத்தானுங்க மேடம்” என்று சொல்லி அனுப்பிவைத்தார். அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன். இல்லத்தின் பெயரை எழுதவில்லை. கோவையைச் சுற்றி மாதக் கட்டணம் வாங்கும் முதியோர் இல்லங்கள் ஏராளம். இதே மாதிரி அறிவிப்பு இன்னும் எத்தனை வாசல்களில் தொங்குகிறதோ.

நான் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். எலும்பு முறிவு வார்டிலும் பொது மருத்துவ வார்டிலும் படுத்த படுக்கையாகக் கிடந்தவர்களைத் துடைத்துப் புரட்டித் துணி மாற்றிய அனுபவம் உண்டு. குளியலுக்கு நான் விரோதி இல்லை. எந்த உடம்பை, எந்த இடத்தில், எத்தனை முறை கழுவ வேண்டும் என்பதில் உங்கள் உத்தரவு முழுக்கத் தவறாக இருக்கிறது என்பதுதான் என் புகார்.

உத்தரவு எப்படி வந்தது என்பது எனக்குத் தெரியும். ஐப்பசி மழைக்குப் பிறகு நாலைந்து பேருக்கு அரிப்பு வந்தது. ‘அழுக்கு சேர்ந்துவிட்டது’ என்று உடனே முடிவு கட்டினீர்கள். தோல் மருத்துவர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டவில்லை. பக்கெட்டுக்கு ஒரு மூடி கிருமிநாசினி, ஆளுக்கொரு சோப்பு, முதுகு தேய்க்கப் பிளாஸ்டிக் நார் என்று வாங்கிப் போட்டீர்கள். அதற்குப் பிறகு அரிப்பு குறைந்திருக்கிறதா என்று ஒரு தடவையாவது யாராவது கணக்கெடுத்தீர்களா?

என் அம்மாவின் காலைப் பாருங்கள். முழங்காலுக்குக் கீழே வெள்ளை வெள்ளையாகச் செதில். செதிலுக்கு நடுவே மெல்லிய சிவப்புக் கோடுகளாக வெடிப்பு. ராத்திரியெல்லாம் சொறிந்ததில் நகம் பட்ட இடங்கள் பொருக்குத் தட்டியிருக்கின்றன. நைட்டியின் ஓரத்தில் பொட்டுப் பொட்டாக ரத்தக்கறை. “பாத்திரம் வெளக்கற மாதிரி வெளக்கறாங்க கண்ணு” என்றார். எண்பது வயதைத் தாண்டிய, சர்க்கரையும் உள்ள ஒருத்தியின் காலில் இப்படி வெடிப்பு விடுவது சின்ன விஷயம் இல்லை. அந்த வெடிப்பு வழியாகக் கிருமி இறங்கினால் கால் வீங்கி, சிவந்து, காய்ச்சலோடு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டிவரும். அப்படி வந்தவர்களை வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

காரணம் புரியாத மர்மம் ஒன்றும் இல்லை. தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை உடையது. பிஎச் அளவு ஐந்தை ஒட்டி இருக்கும். கிருமிகளைத் தடுப்பதிலும் ஈரத்தைப் பிடித்துவைப்பதிலும் அந்த அமிலத்தன்மைக்குப் பங்கு உண்டு. சாதாரணக் கட்டிச் சோப்பின் பிஎச் 9, 10 என்று காரப்பக்கம் நிற்கும். இளம் தோல் சோப்பின் தாக்கத்திலிருந்து சில மணி நேரத்தில் மீண்டுவிடும். வயதானவர்களுக்கு எண்ணெய்ச் சுரப்பு ஏற்கெனவே குறைந்து, தோலும் மெலிந்திருக்கும். மீள நேரம் பிடிக்கும். அது மீளுவதற்குள் மறுநாள் நாலரை மணி வந்துவிடுகிறது. போதாக்குறைக்கு உங்கள் குளியலறையில் வருவது போர்த் தண்ணீர். பக்கெட் விளிம்பில் சுண்ணாம்பு மாதிரி படிந்திருப்பதை எல்லோரும் பார்க்கலாம். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. நுரைக்கவில்லையே என்று ஆயா இன்னும் நாலு தேய் தேய்ப்பார். அந்தத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து பிசுக்காகித் தோலில் தங்கும். அதற்கு மேல் கிருமிநாசினி. அரிப்பு நிற்கச் சொன்னால் எப்படி நிற்கும்?

சரி, அரிப்பு எல்லோருக்கும் வறட்சியால்தானா? இல்லை என்றுதான் சந்தேகப்படுகிறேன். மேல்மாடியில் இரண்டு பேருக்கு விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்புப் பட்டை விழும் இடம் என்று வரிசையாகச் சிறு கொப்புளங்கள். ராத்திரியில்தான் அதிகம் அரிக்கிறது என்கிறார்கள். அவர்களைத் தூக்கி இறக்கும் ஆயாவும் மணிக்கட்டைச் சொறிந்துகொண்டே நிற்கிறார். இதைப் பார்த்தால் ஸ்கேபிஸ் என்கிற சிரங்கு நினைவுக்கு வராத செவிலியர் இருக்க முடியாது. அது அழுக்கால் வருவதில்லை. கண்ணுக்கு எளிதில் தென்படாத ஒரு சிறு பூச்சி, தோலோடு தோல் படுவதால் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகிறது. மேல்தோலுக்குள் வளை தோண்டி அங்கேயே முட்டையிடும். வெளியே எத்தனை சோப்புப் போட்டாலும் உள்ளே இருப்பதற்கு ஒன்றும் ஆகாது. முதல் தடவை தொற்றும்போது அரிப்பு தெரியவே நாலு முதல் ஆறு வாரம் ஆகலாம். அதற்குள் அறை முழுக்கப் பரவியிருக்கும். பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பைக் கழுத்திலிருந்து பாதம்வரை, விரல் இடுக்கும் நக ஓரமும் விடாமல் தடவி, ராத்திரி முழுக்க விட்டுக் காலையில் கழுவ வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை. மூப்பின் காரணமாகத் தலை, முகத்துக்கும் தடவ வேண்டுமா என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்வார். அறையில் இருப்பவர்கள், தொட்டுப் பராமரிப்பவர்கள் எல்லோருக்கும் ஒரே நாளில் மருந்து போடாவிட்டால் சுற்றிச் சுற்றி வரும். துணி, போர்வையையெல்லாம் வெந்நீரில் அலச வேண்டும். அலச முடியாததைப் பாலித்தீன் பையில் கட்டிச் சில நாள் தள்ளிவைக்க வேண்டும். மனித உடம்பை விட்டுப் பிரிந்தால் அந்தப் பூச்சி பெரும்பாலும் இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது.

ஆக, வறட்சியோ சிரங்கோ, இரண்டுக்கும் நீங்கள் எடுத்த வைத்தியம் வைத்தியமே இல்லை. முதலாவதை அது கூட்டுகிறது. இரண்டாவதைக் கண்டுபிடிக்கவிடாமல் நாளைக் கடத்துகிறது.

மேலாளர் பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னார்: “பார்க்க வர்றவங்க வாடை அடிக்குதுன்னு சொல்றாங்க.” நியாயமான புகார்தான், எனக்கும் அடிக்கிறது. ஆனால் மூக்கைக் கொஞ்சம் நிதானமாக விட்டுப் பாருங்கள். வாடை கை கால் முதுகிலிருந்து வரவில்லை. மாற்றாமல் விட்ட டயப்பரிலிருந்தும், மூத்திரம் ஊறிய மெத்தையிலிருந்தும், கழிவறைப் பக்கம் மூடியில்லாமல் நிற்கும் கூடையிலிருந்தும் வருகிறது. வியர்வைக்கு இயல்பில் பெரிய வாடை கிடையாது. அக்குளிலும் தொடை இடுக்கிலும் சுரக்கும் கொழுப்பு கலந்த வியர்வையைத் தோலில் வாழும் பாக்டீரியாக்கள் சிதைக்கும்போதுதான் வாடை கிளம்புகிறது. அந்த இடங்களுக்குத் தினமும் சோப்பும் தண்ணீரும் வேண்டும், கட்டாயம் வேண்டும். மார்புக்குக் கீழ் மடிப்பு, வயிற்று மடிப்பு, கால்விரல் இடுக்கு எல்லாவற்றையும் தினமும் கழுவி, அதைவிட முக்கியமாக ஈரம் போக ஒற்றி எடுக்க வேண்டும். ஈரத்தோடு விட்டால் மடிப்பில் பூஞ்சை பிடிக்கும், விரல் இடுக்கில் சேற்றுப்புண் வரும். உங்கள் நாலரை மணிக் குளியலில் நடப்பது இதற்கு நேர் எதிர். முதுகையும் முழங்காலையும் நாரால் உரசுகிறார்கள். மடிப்புகளை நேரமில்லாமல் விட்டுவிடுகிறார்கள். துவட்டியும் துவட்டாமலும் நைட்டியை மாட்டி உட்காரவைக்கிறார்கள்.

டயப்பர் கட்டியிருப்பவர்களின் கதை இன்னும் மோசம். அவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு கழுவல் போதவே போதாது. ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் வெதுவெதுப்பான தண்ணீரில், பெண்களுக்கு முன்னிருந்து பின்னாகக் கழுவித் துடைத்து, வாஸ்லின் போல ஏதாவது ஒன்றைத் தடவிவிட வேண்டும். நாலு தடவையோ ஐந்து தடவையோ, தேவைப்பட்டால் தேவைப்பட்டதுதான். அதையெல்லாம் ‘காலையில்தான் குளிப்பாட்டியாயிற்றே’ என்ற கணக்கில் சேர்த்துவிட்டால் தொடையிடுக்கு வெந்து புண்ணாகிறது, சிறுநீர்த் தொற்று வருகிறது. ஒரே உடம்பில் ஓரிடம் தினமும் நாலு முறை தண்ணீர் கேட்கும், இன்னோரிடம் வாரத்துக்கு இரண்டு முறை சோப்புப் பட்டாலே போதும் என்னும். எல்லோருக்கும் எல்லா இடத்துக்கும் ஒரே கணக்கு என்பது அலுவலகத்து வசதி. உடம்புக்கு அந்த வசதி தெரியாது.

நாலரை மணிக்கு வருவோம். ஏன் நாலரை? இரவு ஷிப்ட் ஆயாக்கள் இரண்டு பேரும் ஆறு மணிக்குக் கைமாற்றிவிட்டுப் போக வேண்டும், பகல் ஷிப்டுக்கு ஆள் குறைவு, அதனால். இதைச் சொல்வதற்கு என்ன தயக்கம்? மார்கழியில் கோவையின் விடியற்காலை எப்படியிருக்கும் என்பது இந்த ஊர்க்காரர்களான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரே கீசர். முதல் நாலு பேருக்குக் கொதிக்கக் கொதிக்க, கடைசியில் இருப்பவர்களுக்குப் பச்சைத் தண்ணீர். ரத்த அழுத்த மாத்திரையும் நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுபவர்களைத் தூக்கத்திலிருந்து எழுப்பி உடனே நிற்கவைத்தால் தலை சுற்றும். சுற்றிய தலையோடு ஈரத் தரையில் நடத்திப் போகிறீர்கள். பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பி இல்லை, உட்கார இருப்பது வழுக்கும் பிளாஸ்டிக் முக்காலி. எலும்பு முறிவு வார்டில் இடுப்பெலும்பு உடைந்து வரும் பாட்டிகளிடம் “எங்கேம்மா விழுந்தீங்க” என்று கேட்டால் திரும்பத் திரும்ப வரும் பதில் ‘பாத்ரூம்’தான். இடுப்பு உடைந்த பிறகு பழையபடி எழுந்து நடமாடியவர்கள் அவர்களில் எத்தனை பேர் என்பதை எலும்பு மருத்துவர் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள்.

அம்மாவின் எதிர்க்கட்டிலில் மறதி நோயுள்ள ஒருவர் இருக்கிறார். பகலில் பூப்போல இருப்பார். யார் போனாலும் “சாப்ட்டியா சாமி” என்பார். விடியற்காலையில் அவரைக் கூட்டிப்போகும்போது கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, யாரோ துணியை அவிழ்க்கிறார்கள் என்று அலறுகிறார். விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து உள்ளே தள்ளுகிறார்கள். அவரைப் பொறுத்தவரை அது குளியல் இல்லை, தெரியாதவர்கள் நடத்தும் தாக்குதல். அன்று முழுக்க அவர் யாரோடும் பேசுவதில்லை. வேலைக்காரப் பெண்களைக் குற்றம் சொல்லவில்லை. ஒன்றரை மணி நேரத்தில் ஒரு தளத்தையே முடிக்கச் சொன்னால் யாராக இருந்தாலும் விரலைத்தான் பிரிப்பார்கள்.

இதற்கு வேறு வழி இல்லாமலும் இல்லை. அமெரிக்காவில் ஓரிகன், வட கரோலினா மாநிலங்களின் பராமரிப்பு இல்லங்களில் மறதி நோயாளிகளைக் குளிப்பாட்டும் முறைகளை ஒப்பிட்டுப் பார்த்து, 2004-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு பிரிவினரை அவரவர் விருப்பமறிந்து, பேசிப் பேசி, நிதானமாக ஷவரில் குளிப்பாட்டினார்கள். இன்னொரு பிரிவினரைப் படுக்கையிலேயே வெதுவெதுப்பான ஈரத்துண்டுகளால் போர்த்தி, அதற்கடியிலேயே துடைத்துவிட்டார்கள். இரண்டிலும் முரண்டும் கலவரமும் குறைந்தன; அடிக்க வரும் சம்பவங்கள் பாதிக்கும் மேல் குறைந்தன. தோலின் நிலை மேம்பட்டது. கெட்ட கிருமிகளும் பெருகவில்லை. ஈரத்துண்டு முறைக்குக் கூடுதல் நேரமும் பிடிக்கவில்லை. எங்கள் வார்டில் ‘ஸ்பாஞ்ச் பாத்’ என்று நாங்கள் தினமும் செய்த வேலைக்கு நெருங்கிய உறவுதான் அது. உங்கள் பணியாளர்களுக்கு ஒரே மதியத்தில் நானே கற்றுக்கொடுப்பேன், காசு வேண்டாம்.

‘நம்ம ஊர் வெயிலுக்குத் தினமும் குளிக்காமல் எப்படி’ என்று கேட்பீர்கள். குளிக்கட்டும். குளிக்க ஆசைப்படுகிறவர்கள், முடிகிறவர்கள், சித்திரை வெயிலில் இரண்டு வேளைகூடக் குளிக்கட்டும். வெறும் தண்ணீர் ஊற்றிக்கொள்வதால் வரும் சுகத்தை நான் எதற்குப் பிடுங்கப் போகிறேன்? என் அம்மா தோட்டங்காட்டு வேலை பார்த்தவர். வேலை முடித்து, வெயில் ஏறிய பிறகு, வாசல் அடுப்பில் காய்ந்த தண்ணீரில்தான் குளிப்பார். சனிக்கிழமை எண்ணெயும் அரப்பும். சோப்பு வீட்டுக்கு வந்த பிறகும் அது அக்குளுக்கும் காலுக்கும்தான். அவருக்குக் குளிக்கத் தெரியாது என்று யாரும் அவருக்குப் பாடம் எடுக்க வேண்டாம். நீங்கள் ஒட்டிய பழமொழியும் தானாகக் குளித்துச் சாப்பிடச் சொல்கிறதே ஒழிய, குளிக்காத கிழவிக்கு இட்லி தராதே என்று சொல்லவில்லை.

இத்தனை சோப்பு வாங்கிய நீங்கள் வைக்க மறந்த இடம் ஒன்று உண்டு. சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே இருக்கும் மூன்று கைகழுவும் தொட்டியிலும் சோப்பு இல்லை. ஒன்றில் காய்ந்து வெடித்த ஒரு சில்லு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டயப்பர் மாற்றிய அதே கையுறையோடு அடுத்த கட்டிலுக்குப் போவதையும், அந்தக் கையாலேயே தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொடுப்பதையும் கண்ணால் பார்த்தேன். 1847-இல் வியன்னா பொது மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிணக்கூறாய்வு முடித்துவிட்டுப் பிரசவம் பார்க்க வந்த மருத்துவர்களைக் குளோரின் கலந்த நீரில் கை கழுவவைத்தார். அந்த வார்டில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் வரை இறந்துகொண்டிருந்த தாய்மார்களின் சாவு, சில மாதங்களில் நூற்றுக்கு இரண்டு என்ற அளவுக்கு இறங்கியது. அவர் யாரையும் தலைமுழுகச் சொல்லவில்லை. நோய் பரவாமல் தடுக்கக் கழுவ வேண்டியது கையை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி சோப்புப் போட்டுக் கழுவ நாற்பது முதல் அறுபது விநாடி. உங்கள் இல்லத்தில் வயிற்றுப்போக்கு வந்தால் அது குளிக்காத முதுகால் வரப்போவதில்லை.

என் கோரிக்கைகளைச் சொல்கிறேன். எழுத்தில் பதில் வேண்டும்.

அறிவிப்பை இன்றே திரும்பப் பெறுங்கள். குளியலுக்கும் சாப்பாட்டுக்கும் முடிச்சுப் போடுவது எந்தக் காரணத்துக்காகவும் இனி நடக்கக் கூடாது. ஆறரை மணிக்கு முன்னால் யாரையும் குளிப்பதற்காக எழுப்பக் கூடாது; தானாக எழுந்து குளிக்கிறவர்கள் பாட்டுக்குக் குளிக்கட்டும்.

ஒவ்வொருவரின் கோப்பிலும் ஒரு குளியல் தாள் சேருங்கள். அவருக்கு எந்த நேரம் பிடிக்கும், எந்தெந்த நாள் முழுக்குளியல், எந்த நாள் துடைப்பு, தோல் எப்படி இருக்கிறது, யார் உதவி செய்தால் ஒத்துழைப்பார் என்பதை அவரிடமும் குடும்பத்தாரிடமும் கேட்டு எழுதுங்கள். தோல் வறண்டவர்களுக்கு உடம்பு முழுக்கச் சோப்பு வாரத்துக்கு இரண்டு மூன்று முறைக்கு மேல் வேண்டாம். மற்ற நாட்களில் முகம், அக்குள், மடிப்புகள், தொடையிடுக்கு, பாதம் மட்டும். பிளாஸ்டிக் நாரும் பக்கெட்டில் ஊற்றும் கிருமிநாசினியும் வேண்டவே வேண்டாம். குளித்த ஈரம் முழுக்கக் காயும் முன் கை காலில் தேங்காய் எண்ணெயோ களிம்போ தடவும் வேலையையும் குளியலின் பகுதியாகவே வையுங்கள். உள்ளங்காலில் எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வழுக்கும்.

இந்த வாரத்துக்குள் தோல் மருத்துவரை வரவழைத்து அரிப்புள்ள எல்லோரையும் காட்டுங்கள். சிரங்கு என்று உறுதியானால் பணியாளர்கள் உட்பட எல்லோருக்கும் ஒரே நாளில் இல்லத்தின் செலவில் மருந்து. அந்தப் பெண்களின் சம்பளத்தில் பிடிக்காதீர்கள். லீவு போட்டால் வேலை போய்விடும் என்ற பயத்தில் அவர்கள் அரிப்பை மறைக்கிறார்கள்.

குளியலறைகளில் பிடிகம்பி, வழுக்காத விரிப்பு, முதுகு சாயும் குளியல் நாற்காலி. கைகழுவும் தொட்டிகளில் எந்நேரமும் சோப்பு. ஆளுக்கு ஆள் கையுறை மாற்றம், தள்ளுவண்டியில் சானிடைசர். இவ்வளவும் கட்டணத்தை ஏற்றாமல் செய்யக்கூடியதுதான். காலை ஏழிலிருந்து பதினொன்றுவரை கூடுதலாக இரண்டு பேரை வைப்பதற்குச் செலவு ஆகும் என்றால் குடும்பத்தாரைக் கூட்டிக் கணக்கைக் காட்டிப் பேசுங்கள், நாங்கள் வருகிறோம்.

தை முதல் தேதிக்குள் பதில் வராவிட்டால், கையெழுத்திட்ட மற்ற குடும்பத்தாரோடு சேர்ந்து மாவட்டச் சமூகநல அலுவலரிடம் மனு கொடுப்போம். முதியோர் உதவி எண் 14567-லும் புகார் பதிவு செய்வோம். அதுவரை என் அம்மாவை நாலரை மணிக்கு எழுப்ப வேண்டாம் என்று அவருடைய கோப்பில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இரவு ஷிப்ட் பெண்களிடம் அதைக் காட்டிச் சொல்லிவையுங்கள். அதை மதித்ததற்காக அவர்களை யாரும் திட்டவும் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் இல்லத்தில் தங்கியிருக்கும் ஓர் அம்மாவின் மகள்,
ஓய்வுபெற்ற செவிலியர்,
கோயம்புத்தூர்.